தாளக்குறி இல்லாத ஆறாம் பகுதி

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானின் ‘காலத்தின் முடிவுக்கான நால்வரிசை’யை (கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ ஆகிய நான்குக்கான படைப்பு) அமெச்சூர் கலைஞர்கள் தொடலாமா என்று கேட்டால், தாராளமாகத் தொடலாம், எட்டுப் பகுதிகளையும் ஒரே மூச்சில் விழுங்கப் பார்க்க வேண்டாம் என்பேன். போன குளிர்காலம் முழுவதும் வடமேற்கு லண்டனில் ஒரு தேவாலயக் கூடத்தில் நான்கு பேரை வைத்து இந்த வேலையைத்தான் செய்தேன். வேறு யாராவது இதில் இறங்கினால் உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

நால்வரைப் பற்றிச் சுருக்கமாக. கிளாரினெட் வாசிப்பவர் ஒரு குடும்ப மருத்துவர். வயலின்காரர் பள்ளியில் வேதியியல் நடத்துகிறார். செல்லோ வைத்திருக்கும் பெரியவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். பியானோ வாசிப்பவர் மட்டும் நம்மவர்: யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கே வங்கிக் கணக்குகளோடு மல்லுக்கட்டும் ஓர் அக்கா. சிறுமியாக இருந்தபோது வாய்ப்பாட்டும் கற்றவர். நான் வயோலாக்காரன். இந்த நால்வரிசையில் வயோலாவுக்கு இடமே இல்லை. பயிற்றுநருக்கு அது ஒரு வசதி என்றுதான் சொல்ல வேண்டும். கருவியை எடுத்து ‘இதோ, இப்படி’ என்று வாசித்துக் காட்டிவிட்டு நகர முடியாது. வாயால் சொல்லிப் புரியவைத்தே ஆக வேண்டும்.

முதலில் எதை வாசிப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தோம். முழுப் படைப்பும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம். ஒன்று, ஐந்து, ஆறு, எட்டு ஆகிய நான்கு பகுதிகளை எடுத்துக்கொண்டோம். ‘இப்படிப் பிய்த்து வாசிப்பது பாவமில்லையா’ என்று வயலின்காரர் கேட்டார். இந்தப் படைப்பே ஒரே வார்ப்பில் வந்ததில்லை என்று அவருக்கு நினைவூட்டினேன். மெசியான் அடைபட்டிருந்த சிறை முகாமில் முதலில் எழுதப்பட்டது நான்காம் பகுதிதான். பியானோ இல்லாமல் மற்ற மூவருக்காக எழுதியது. ஐந்தாம் பகுதி 1937இல் ஆறு ஓந்த் மார்த்தனோ மின்கருவிகளுக்காக மெசியான் எழுதிய இசையிலிருந்து வந்தது. எட்டாம் பகுதி 1930இல் ஆர்கனுக்கு எழுதியதன் மறுவடிவம். கைதி ஒருவர் கையிலிருந்ததையும் புதிதாகத் தோன்றியதையும் சேர்த்துக் கட்டிய வேலை இது. நாமும் நம் கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

சிறை முகாம் கதையை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். 1940இல் ஜெர்மானியர் கையில் சிக்கிய மெசியான், கோர்லிட்ஸ் நகரில் ஸ்டாலாக் எட்டு–அ முகாமில் அடைக்கப்பட்டார். கார்ல்-ஆல்பர்ட் ப்ரூல் என்ற காவலர் இசைத்தாள் தேடிக் கொடுத்தார். 1941 ஜனவரி 15 அன்று சக கைதிகள் முன்னால் அரங்கேற்றம் நடந்தது. மெசியான் பியானோ, ஆன்றி அகோக்கா கிளாரினெட், ழான் லெ புலேர் வயலின், எத்தியென் பாஸ்கியே செல்லோ. எங்கள் செல்லோப் பெரியவர் தடுமாறும்போதெல்லாம், ‘பாஸ்கியே மூன்று தந்தியில் வாசித்தாராம், எனக்கு நான்கு இருந்தும் வரவில்லை’ என்று அலுத்துக்கொள்வார். மெசியான் அப்படிச் சொல்லிவந்தது உண்மை. தன் செல்லோவில் நான்கு தந்திகளும் இருந்தன என்று பாஸ்கியேயே மறுத்ததும் உண்மை. அதைச் சொன்ன பிறகு பெரியவர் வேறு சாக்குத் தேட வேண்டியதாயிற்று.

இனி ஆறாம் பகுதி. ‘ஏழு எக்காளங்களுக்கான ஆவேச நடனம்’ என்பது தலைப்பு. நான்கு கருவிகளும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கின்றன. பின்னணி இல்லை, பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் சுருதிக்கூட்டு இல்லை. ஒரே வரிதானே என்று ஏமாந்துவிடக் கூடாது. தாளக்குறி எதுவும் கிடையாது. பட்டைக் கோடுகள் உண்டு. ஆனால் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இத்தனைதான் என்ற கணக்கு இல்லை. மேற்கத்தியக் குறிப்பில் செமிகுவேவர் எனப்படும் சிறிய அலகை இங்கே மாத்திரை என்றே எழுதுகிறேன். ஒழுங்காக இரண்டு, இரண்டு, நான்கு என்று போய்க்கொண்டிருக்கும் சொற்றொடரில் மெசியான் திடீரென ஒரு மாத்திரையைக் கூடுதலாகச் செருகிவிடுவார். நான்கு பேரில் ஒருவர் அதைத் தவறவிட்டாலும் கேட்பவருக்கு அப்பட்டமாகத் தெரியும். ஒளிந்துகொள்ள ஒரு மறைவும் கிடையாது.

முதல் சந்திப்பிலேயே கிளாரினெட் மருத்துவர், ‘நீங்கள் நடுவில் நின்று கை போட்டுவிட்டால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாமே’ என்றார். மறுத்துவிட்டேன். நான் கை போட்டால் நால்வரும் என் கையைப் பார்ப்பார்கள், ஒருவரை ஒருவர் கேட்க மாட்டார்கள். கச்சேரியன்று என் கை இருக்காது. ஆகவே தாளம் அவர்களுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதுவரை கருவிகள் பெட்டியிலேயே கிடக்கட்டும் என்றேன்.

அடுத்தது பென்சில் வேலை. ஒவ்வொரு நீண்ட சுரத்தையும் இரண்டு, மூன்று மாத்திரைகளாக உடைத்து, மூன்றின் மேல் சிறு முக்கோணம், இரண்டின் மேல் ஒற்றைக் கோடு. வாத்தியக் குழுக்களில் பலரும் போடும் குறிதான். நான் வற்புறுத்தியது ஒன்றே ஒன்று: நான்கு பேரின் தாளிலும் ஒரே உடைப்பு இருக்க வேண்டும். ஐந்தை ஒருவர் இரண்டும் மூன்றுமாகவும் இன்னொருவர் மூன்றும் இரண்டுமாகவும் எண்ணினால் இறுதியில் கூட்டுத்தொகை சரியாக வரும், நடுவில் உடம்பு ஆடும் திசை வேறாகிவிடும். இந்த விவாதத்திலேயே ஒரு மாலைப்பொழுது கழிந்தது. வீணான மாலை என்று நான் நினைக்கவில்லை.

பிறகு சொல்கட்டு, அதாவது தாளத்தை மிருதங்கச் சொற்களால் வாய்விட்டுச் சொல்வது. சின்ன வயதில் கொஞ்சம் மிருதங்கம் பழகியிருந்தேன், அது இங்கே கைகொடுத்தது. ஆங்கிலத்தில் ‘ஒன் டூ த்ரீ’ என்று எண்ணினால் வேகம் கூடும்போது நாக்கு சிக்குகிறது. எண்களுக்கு நீளமும் ஒன்றுபோல் இல்லை. தக, தகிட, தகதிமி என்பவை வாயில் உருள்வதற்காகவே உருவானவை. ஆறாம் பகுதியின் நடுவில் ஒலி தணிந்து, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் தாள வரிசைகள் வருகின்றன. முதல் வரிசை 3, 5, 8, 5, 3. அதை இப்படிச் சொன்னோம்:

தகிட / தகதகிட / தகதிமிதகஜொணு / தகதகிட / தகிட

அடுத்த வரிசை 4, 3, 7, 3, 4:

தகதிமி / தகிட / தகிடதகதிமி / தகிட / தகதிமி

பியானோ அக்காவுக்கு இது இயல்பாக வந்தது. மற்ற மூவரும் முதலில் கூச்சப்பட்டார்கள். வேதியியல் ஆசிரியரின் வாயில் தகிட ‘டகிடா’வாகத்தான் வந்தது. திருத்தவில்லை. அவருடைய மாத்திரை துல்லியமாக இருந்தது, அது போதும். சேர்ந்து சொல்லத் தொடங்கிய சில நிமிடங்களில் கூச்சம் போய்விட்டது. பெரியவர் கால் தட்ட ஆரம்பித்தார். அதை உடனே நிறுத்தச் சொன்னேன். சம இடைவெளியில் கால் தட்டினால், கூடுதல் மாத்திரை வந்த இடத்தில் கால் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போகும்.

சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் கருவியிலும் இதே சிக்கல்தான். மெசியான் கேட்கும் வேகம் குவேவருக்கு (இரண்டு மாத்திரை) 176. அதாவது நிமிடத்துக்கு 352 மாத்திரை. நாங்கள் மாத்திரைக்கு 132 என்று தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். சாதாரண மெட்ரோனோம் 208 வரை போகும். அதற்கு மேல் கைப்பேசிச் செயலியில் வைக்கலாம்தான், ஆனால் கேட்பது தாளமாக இருக்காது, ஓட்டுக் கூரையில் விழும் ஆலங்கட்டி மழையாகத்தான் இருக்கும். சரி, குவேவருக்கு ஒரு தட்டு என்று மாற்றினால், ஒற்றைப்படை எண் வந்தவுடன் தட்டு சுரத்தின் மேல் விழாமல் இடைவெளியில் விழுகிறது. அடுத்த ஒற்றைப்படை வரும்வரை எல்லாம் தலைகீழ். நல்ல தேர்ச்சி பெற்றவர்கள் அதையும் பயிற்சியாக்கிக்கொள்வார்கள். அமெச்சூர்களுக்கு அது தன்னம்பிக்கையைக் கெடுக்கும். எனவே 208ஐத் தாண்டியதும் மெட்ரோனோமை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டோம்.

கருவிகளை எடுத்ததும் இன்னொரு பிரச்சினை தலைகாட்டியது. சொல்கட்டு மனத்தில் ஓடுவதால், எட்டு மாத்திரைச் சுரத்தை வாசிக்கும்போது வில் நான்கு முறை புடைத்துப் புடைத்து வந்தது. கிளாரினெட்டிலும் அப்படியே. இதை மெசியான் எதிர்பார்த்திருக்கிறார். 1942இல் துராந் பதிப்பகம் வெளியிட்ட இசைத்தாளின் முன்னுரையில், இந்த நடனத்தைப் பயில்பவர்கள் தொடக்கத்தில் சிறிய மாத்திரைகளை மனத்துக்குள் எண்ணிக்கொள்ளலாம், ஆனால் மேடையில் அப்படிச் செய்தால் வாசிப்பு கனத்துவிடும், நீளங்களின் உணர்வை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தை நகலெடுத்து நால்வருக்கும் கொடுத்தேன். பிறகு ஒரு படி மாற்றினோம். முதல் எழுத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லி, மீதியை ‘தாஆஆ’ என்று நீட்ட வேண்டும். எண்ணுவது தொண்டைக்குள் போய்விட வேண்டும். அதற்கடுத்து, நீட்டுவதையும் விட்டுவிட்டு அடுத்த சுரத்தின் தொடக்கத்தில் மட்டும் ஒன்றாக மூச்சை இழுக்க வேண்டும். இந்த மூன்றாவது படியில்தான் முதன்முதலாக நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மூச்சுக்குத் தலைவர் கிளாரினெட்டே. அவர் எப்படியும் எங்காவது மூச்சு எடுத்தாக வேண்டும். மற்றவர்களும் அங்கேயே எடுக்கட்டும் என்று தீர்மானித்து அந்த இடங்களைக் குறித்துக்கொண்டோம். பியானோக்காரரின் உடல் அதிகம் அசையாது, அவர் கண்ணுக்கு வில் தெரிய வேண்டும். அதனால் செல்லோவை அவர் நேர்ப்பார்வையில் உட்காரவைத்தோம். இந்த இட மாற்றம் மட்டுமே பாதிப் பிசகுகளைச் சரிசெய்தது என்றால் மிகையில்லை.

சுருதி விஷயத்தை ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன். பியானோவின் சுருதி அசையாது. கிளாரினெட் உரக்க ஊதினால் தாழும், மெல்ல ஊதினால் ஏறும். குளிர்ந்த கூடத்தில் தொடக்கத்திலேயே தாழ்ந்திருக்கும். ஆகவே மருத்துவர் மற்றவர்களுக்கு முன்பே வந்து கருவியைச் சூடேற்றிக்கொள்வார். நால்வரையும் சேர்த்து ஒருபோதும் சுருதி பார்க்கவில்லை. செல்லோவும் பியானோவும் முதலில், வயலினும் கிளாரினெட்டும் அடுத்து, பிறகு சேர்த்து. வயலின், செல்லோ இரண்டும் இந்தப் பகுதியில் விரல் நடுக்கம் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்பது என் முடிவு. கருங்கல்லைப் போல் ஒலிக்க வேண்டும் என்று மெசியானே தாளின் தலையில் எழுதியிருக்கும்போது, கமகம் போலக் குழைத்தால் ஒட்டாது.

முடிவுக்குச் சற்று முன்னால் மெட்டு நீண்டு பெருத்து, சுரங்கள் மேலும் கீழும் வெவ்வேறு ஸ்தாயிகளுக்குத் தாவி, உச்சபட்ச ஒலியில் வருகிறது. இங்கே எல்லாருக்கும் பலத்தைக் காட்ட ஆசை வரும். பியானோ அக்காவிடம் மட்டும் தனியாகச் சொன்னேன்: ‘அக்கா, நீங்கள் முழுப் பலத்தையும் போட்டால் மற்ற மூவரையும் யாரும் கேட்க மாட்டார்கள்.’ ‘தம்பி, மூன்று மாதமாக மெல்ல, மெல்ல என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், இந்த ஒரு இடத்தையாவது எனக்கு விடுங்கள்’ என்றார். விட்டுவிட்டேன். பியானோவின் மூடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தோம், அவ்வளவுதான்.

முதல் பகுதியில் அவருக்கு வேறு வேலை. விடியற்காலைப் பறவைகள்: கிளாரினெட்டில் ஒன்று, வயலினில் ஒன்று. செல்லோ ஐந்து சுரங்களை, தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மெல்லிய ஹார்மோனிக் ஒலியில் சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. பியானோவுக்கு 17 நீளங்கள் கொண்ட ஒரு தாளச் சுற்றும் 29 சுருதிக்கூட்டுகள் கொண்ட ஒரு சுற்றும் தரப்பட்டிருக்கின்றன. இரண்டும் பகா எண்கள், அதனால் சேர்ந்து தொடங்கும் இடத்துக்கு எளிதில் திரும்பாது. 493 சுருதிக்கூட்டுகள் ஆக வேண்டும். பகுதி அதற்கு வெகு முன்னரே நின்றுவிடுகிறது. 17 நீளங்களும் மூன்று தேசி தாளங்களைக் கோத்தவை:

ராகவர்த்தனம்: 4 4 4 2 3 2
சந்திரகலா: 2 2 2 3 3 3 1
லக்ஷ்மீசம்: 2 3 4 8

அக்கா கண்கள் விரியக் கேட்டார்: ‘இது நம்முடைய தாளமா?’ பதில் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் இருந்த சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில் 120 தேசி தாளங்களின் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலை ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் மெசியான் படித்தார். அவர் எடுத்துக்கொண்டது தாளில் இருந்த எண்களை. ஆதி, ரூபகம், மிச்ர சாபு எதுவும் இன்று நாம் கையில் போடும் வடிவில் அதில் இல்லை. ராகவர்த்தனத்தைக்கூட அவர் பின்னிருந்து முன்னாகத் திருப்பி, நீண்ட சுரத்தை மூன்றாக உடைத்துத்தான் பயன்படுத்தியிருக்கிறார். ஆகவே மார்தட்டிக்கொள்வதற்கு ஒன்றுமில்லை, பயிற்சிக்கு வசதி என்ற அளவில் மகிழ்ச்சி அடையலாம்.

பயிற்சி முறை இதுதான். ஒரே ஒரு சுருதிக்கூட்டை வைத்துக்கொண்டு 17 நீளங்களை மனப்பாடம் ஆகும்வரை வாசிக்க வேண்டும். மறுபுறம் 29 சுருதிக்கூட்டுகளையும் சம நீளத்தில் மனப்பாடம் செய்ய வேண்டும். இரண்டும் தனித்தனியாகத் தூக்கத்தில்கூட வரும்போதுதான் சேர்க்க வேண்டும். தாளச் சுற்றின் மொத்தம் 52 மாத்திரை, அதாவது 13 குரோட்செட் (ஒவ்வொன்றும் நான்கு மாத்திரை). தாளிலோ மூன்று குரோட்செட்டுக்கு ஒரு பட்டைக் கோடு போட்டிருக்கிறது. எனவே ஒவ்வொரு சுற்றும் பட்டைக்குள் ஓர் எண்ணிக்கை தள்ளித் தொடங்கும். ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று. இதைச் சொன்னதும் கணக்குக்காரரான அக்கா ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் சிவப்புப் பென்சிலால் எண் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வழி தவறவே இல்லை. கிளாரினெட் தவறினால் எங்கே வந்து சேர வேண்டும் என்று தலையசைத்துக் காட்டுபவரும் அவரே ஆனார்.

ஐந்தாம் பகுதி செல்லோவும் பியானோவும் மட்டும். மெசியான் கொடுத்த வேகம் செமிகுவேவருக்கு 44. பியானோ ஒரு சுருதிக்கூட்டை அழுத்திவிட்டு அடுத்ததற்குச் சுமார் 1.36 விநாடி காத்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஒரு வேடிக்கை புலப்பட்டது: ஆறாம் பகுதியில் எட்டு மாத்திரைச் சுரத்தின் நீளமும் இம்மி பிசகாமல் அதேதான். 352ஐ எட்டால் வகுத்தால் 44. மெசியான் திட்டமிட்டுச் செய்தாரா என்பதல்ல என் அக்கறை. எங்களுக்கு அது நல்ல கருவியாயிற்று. அக்கா உள்ளுக்குள் ‘தகதிமிதகஜொணு’ என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சுருதிக்கூட்டையும் அழுத்தினார். அவசரம் அடங்கியது. தாள் கேட்கும் வேகத்திலேயே வாசிப்பதானால், ஐந்தாம் பகுதி முடிந்து ஆறாம் பகுதி தொடங்கும்போது வேகத்தைப் புதிதாகத் தேட வேண்டியதும் இல்லை.

பெரியவருக்குத்தான் பாடு. அந்த வேகத்தில் ஒரு வில் நீளத்துக்குள் சுரத்தை அடக்க முடியாது. வில்லை எங்கே வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளுங்கள், திருப்புவது காதில் விழாமல் இருந்தால் போதும் என்றேன். தந்திகளைத் தாங்கும் பாலத்துக்குச் சற்று அருகில், குறைந்த வேகத்தில், எடை மாறாமல். அவர் தன் பழைய தொழில் பழக்கத்தில் வில்லின் நடுவிலும் கால்பாகத்திலும் சிறு காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டு, இத்தனை சுருதிக்கூட்டுக்கு இத்தனை அங்குலம் என்று அளந்து பழகினார். சிரித்தேன், ஆனால் பலன் கிடைத்தது.

எட்டாம் பகுதியில் வயலின்காரருக்கு உயரம் பயம். ஏறிக்கொண்டே போய் விரற்பலகையின் உச்சியில் முடிகிறது. அங்கே இடது கை நிலைக்க வேண்டுமானால் கட்டைவிரலை எங்கே விடுவது என்பதைக் கீழே இருக்கும்போதே தீர்மானித்தாக வேண்டும். அதைத் தனியாகப் பார்த்துக்கொண்டோம்.

கடைசியில் நண்பர்களும் குடும்பத்தினரும் வந்திருந்த ஒரு ஞாயிறு மாலையில் வாசித்தார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆறாம் பகுதியை 176இல் வாசிக்கவில்லை, ஏறக்குறைய 150. இந்த வேகமே போதும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அந்த 3-5-8-5-3 இடம் வந்தபோது கிளாரினெட் ஐந்தில் கால் மாத்திரை முந்தினார். மற்ற மூவரும் எட்டின் நீளத்துக்குள் அவரை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கூடத்தில் இருந்த மற்றவர்கள் கவனித்திருப்பார்களா என்று சந்தேகம். ஐந்தாம் பகுதியில் பாதியில் ஒரு குழந்தை அழுதது, அக்கா 44ஐ விட்டு அசையவில்லை.

இன்னும் சரிவராத இடம் முதல் பகுதியில் செல்லோவின் ஹார்மோனிக்குகள். மூன்றில் ஒன்று ஒலிக்காமல் காற்றாகப் போகிறது. பெரியவர் புதிய தந்தி வாங்கிப் பார்ப்பதாகச் சொல்கிறார், எனக்கு நம்பிக்கை இல்லை. இடது கைக் கட்டைவிரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் இடையிலான அகலத்தில்தான் கோளாறு. கோடையில் அதைத் தனியாக எடுக்க வேண்டும். நால்வரும் இப்போது ஏழாம் பகுதியும் வேண்டும் என்று கேட்கிறார்கள். நான்காம் பகுதியில் தொடங்குவோம் என்று சொல்லியிருக்கிறேன். அதில் பியானோ கிடையாது, அக்கா ஏழாம் பகுதியைத் தனியாக ஆரம்பித்துவிட நேரம் கிடைக்கும்.